இரைச்சலா? விண்மீனா?

வானொலிப் பெட்டியில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே முள்ளை நிறுத்தினால் 'உஸ்' என்று ஓர் ஒலி கேட்கும். யாரும் பேசவில்லை, யாரும் பாடவில்லை. ஆயினும் ஒலி வருகிறது. செய்தி எதனையும் சுமக்காமல், கருவியிலிருந்தும் இயற்கையிலிருந்தும் தானே எழுகின்ற இந்த ஒழுங்கற்ற ஏற்ற இறக்கத்திற்குப் பொறியாளர்கள் இரைச்சல் என்று பெயரிட்டனர். பின்னர் தொலைக்காட்சி வந்தது. நிலையம் கிடைக்காதபோது திரையில் கொதிக்கின்ற வெண்புள்ளிகளையும் அதே பெயரால் அழைத்தனர். இன்று டிஜிட்டல் ஒளிப்படத்திலும் அப்பெயரே வழங்குகின்றது. கண்ணால் காண்பதற்கு இரைச்சல் என்று பெயர் வைத்தது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் மூன்றிற்கும் மூலக் காரணங்கள் ஒன்றே என்பதால் பெயர் பொருத்தமானதே.

இரவில் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றைக் கணிப்பொறித் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கருமையாக இருக்க வேண்டிய வானத்தில் சிவப்பும் நீலமும் பச்சையுமாக மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரியும். இவற்றை நீக்குவதற்கென்றே நிரல்கள் பல உள்ளன. பலரும் அந்நிரலைத் திறந்து, தானியங்கிப் பொத்தானை ஒருமுறை அழுத்தி, படம் வழுவழுப்பாகிவிட்டது என்று மகிழ்ந்து மூடிவிடுகின்றனர். அந்த ஒரு அழுத்தத்தில் புள்ளிகளோடு சேர்ந்து வேறு என்னென்ன போயின என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. நாம் அதனைப் பார்ப்போம். அதற்கு முன் புள்ளிகள் பிறக்கும் இடத்தை அறிய வேண்டும்.

தூறலும் டம்ளர்களும்

முற்றத்தில் ஒரே அளவுள்ள டம்ளர்களை நெருக்கமாக அடுக்கி வைத்திருப்பதாகக் கொள்வோம். சீரான தூறல் விழுகிறது. சிறிது நேரம் கழித்து ஒவ்வொரு டம்ளரிலும் விழுந்த துளிகளை எண்ணினால் எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கை இருக்குமா? இராது. சராசரி 100 துளிகள் என்றால் ஒன்றில் 93, அடுத்ததில் 108, வேறொன்றில் 101 என்று இருக்கும். இத்தகைய நிகழ்ச்சிகளில் திட்ட விலக்கம் சராசரியின் வர்க்கமூலத்திற்குச் சமம் என்பது கணிதம் காட்டும் முடிவு. 100-இன் வர்க்கமூலம் 10. ஆகவே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு டம்ளர்களில் 90 முதல் 110 துளிகள் வரை இருக்கும்.

ஒளியும் இவ்வாறே துகள்துகளாக வந்து விழுகின்றது. கருவியின் உள்ளே படம் விழும் தகட்டில் உள்ள இலட்சக்கணக்கான நுண்கட்டங்களே நம் டம்ளர்கள். மங்கிய இடத்தில் கட்டம் ஒன்றிற்கு 100 ஒளித்துகள்கள் கிடைத்தால் ஏற்ற இறக்கம் 10. அதாவது 10 விழுக்காடு. பளிச்சென்ற இடத்தில் 10,000 துகள்கள் கிடைத்தால் ஏற்ற இறக்கம் 100. இது 1 விழுக்காடே. படத்தின் நிழற்பகுதிகள் மட்டும் ஏன் இவ்வளவு பொரிபொரியாக உள்ளன என்பதற்கு விடை இதுதான். ஜெர்மானிய இயற்பியலறிஞர் வால்ட்டர் ஷாட்கி 1918-ஆம் ஆண்டு வெற்றிடக் குழாய்களில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய்ந்தபோது இதே ஏற்ற இறக்கத்தை விளக்கினார். அங்கு விழுந்த துளிகள் எலெக்ட்ரான்கள், இங்கு ஒளித்துகள்கள். 1928-இல் ஜான்சன், நைக்விஸ்ட் ஆகிய இருவர் பெல் ஆய்வகத்தில் வெப்பத்தால் எழும் மற்றோர் இரைச்சலையும் விளக்கினர். இதுவும் கருவியின் மின்சுற்றுகளில் சிறிது சேர்கின்றது.

ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் இரைச்சல் கூடும் என்று சொல்வார்கள். உண்மையில் அந்த எண் இரைச்சலைப் படைப்பதில்லை. 100-இலிருந்து 6400-க்கு உயர்த்துகிறோம் என்றால், 64-இல் ஒரு பங்கு ஒளியை மட்டும் வாங்கிக்கொண்டு அதனை 64 மடங்கு பெருக்கிக் காட்டு என்று கருவிக்குக் கட்டளையிடுகிறோம். ஒளி 64-இல் ஒரு பங்கானால், ஒளியின் அளவோடு ஒப்பிட்ட ஏற்ற இறக்கம் 8 மடங்காகும். பெருக்கம் அதனை வெளிச்சத்திற்குக் கொண்டுவருகிறது, அவ்வளவே.

புள்ளிகள் ஏன் நிறம் நிறமாக உள்ளன? நுண்கட்டங்களுக்கு நிறம் தெரியாது. எனவே அவற்றின் மீது பாதிக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம் என்று வடிகட்டிகளைப் பொருத்துகின்றனர். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ஒவ்வொரு கட்டத்திலும் இல்லாத இரு நிறங்களை அண்டைக் கட்டங்களைப் பார்த்துக் கணிப்பொறி ஊகித்துக்கொள்கின்றது. ஒரு சிவப்புக் கட்டத்தில் தற்செயலாக இரண்டு துகள் கூடுதலாக விழுந்துவிட்டால் அந்தத் தவறு சுற்றிலும் பரவிச் சிவப்புத் திட்டாகிவிடும்.

இங்கு இயற்கை நமக்கு ஓர் உதவி செய்துள்ளது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டை மிக நுணுக்கமாகக் காணும். நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகக் காணாது. வண்ணத் தொலைக்காட்சியை வகுத்தவர்கள் இதனைப் பயன்படுத்தி நிறத்திற்குக் குறைந்த அலைப்பட்டையை ஒதுக்கினர். இரைச்சல் நீக்கும் நிரலும் இதே பலவீனத்தைத் தனக்கு ஆதாயமாக்கிக்கொள்கின்றது.

பலகையைத் திறப்போம்

செருகுநிரல் என்பது தனித்து இயங்காமல் ஒரு பெரிய நிரலுக்குள் பொருந்தி வேலை செய்யும் சிறு நிரல். போட்டோஷாப்பில் பொருத்தக்கூடிய நீட் இமேஜ் என்ற செருகுநிரலை எடுத்துக்கொள்வோம். பதிப்புக்குப் பதிப்பு பொத்தான்கள் இடம் மாறும். வேலையின் வரிசை மாறாது. இதே வரிசை பிற நிரல்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் படத்தின் அடுக்கை நகல் எடுத்து, நகலின் மீது வேலை செய்யுங்கள். மூல அடுக்கு கீழே அப்படியே இருக்கட்டும். பிறகு அது பெரிதும் தேவைப்படும். படத்தைக் கூர்மையாக்குவது, அளவு குறைப்பது முதலியவற்றை இதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபில்டர் பட்டியலில் செருகுநிரலின் பெயரைத் தேர்ந்தால் புதிய சாளரம் ஒன்று திறக்கும். ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் கட்டுப்பாடுகள். கட்டுப்பாடுகள் இரண்டு நிலைகளாகப் பிரிந்துள்ளன. முதல் நிலை இரைச்சலை அளப்பது. இரண்டாம் நிலை அதனை நீக்குவது. அவசரக்காரர்கள் முதல் நிலையைத் தாண்டிச் சென்றுவிடுவர். என் கருத்தில் முழு வேலையின் முக்கால் பங்கு முதல் நிலையில்தான் உள்ளது.

அளக்கும் நிலையில் நிரல் உங்களிடம் கேட்பது ஒன்றே: படத்தில் எதுவுமே இல்லாத ஓர் இடத்தைக் காட்டுங்கள். மேகமற்ற வானம், வெள்ளையடித்த சுவர், குவியத்திற்கு வெளியே மங்கிப்போன பின்னணி ஆகியவை ஏற்றவை. அங்கே சுட்டியை இழுத்து ஒரு செவ்வகம் வரைகிறோம். உடனே நிரல் அந்தச் செவ்வகத்தில் உள்ள புள்ளிகளின் சராசரியையும் அதிலிருந்து அவை விலகும் அளவையும் கணக்கிடுகின்றது. பத்தாம் வகுப்பில் நீங்கள் போடும் திட்ட விலக்கக் கணக்குதான். பத்து எண்களுக்குப் பதில் பத்தாயிரம் எண்கள். இங்கு எதுவும் இல்லை என்று நீங்கள் உறுதி அளித்திருப்பதால், இங்குள்ள ஏற்ற இறக்கம் முழுவதும் இரைச்சலே என்று அது முடிவு செய்துகொள்கின்றது.

நிரலுக்குக் கண் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. வெற்றுச் சுவர் என்று எண்ணி நீங்கள் செங்கல் சுவரின் மீது செவ்வகம் வரைந்தால், செங்கலின் சொரசொரப்பே இரைச்சல் என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு படத்தில் எங்கெல்லாம் அத்தகைய சொரசொரப்பு இருக்கின்றதோ, சேலையின் நெசவு, பாட்டியின் முகச்சுருக்கம், மரப்பட்டை, அனைத்தையும் தேய்த்துவிடும். தானியங்கிப் பொத்தான் இந்தச் செவ்வகத்தைத் தானே தேடி வரைகின்றது. பெரும்பாலும் சரியாகவே தேடும். எங்கே வரைந்திருக்கின்றது என்று ஒருமுறை பார்த்துவிட்டு மேலே செல்வது நல்லது.

இரண்டாம் நிலையில் ஸ்லைடர்கள் பல உள்ளன. எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம். அவை அனைத்தும் இரண்டு கேள்விகளின் பல்வேறு சேர்க்கைகளே. ஒன்று, வெளிச்சத்தின் இரைச்சலா, நிறத்தின் இரைச்சலா? மற்றொன்று, புள்ளி எவ்வளவு பெரியது?

நிற ஸ்லைடரைத் தாராளமாக உயர்த்தலாம். முழு அளவுக்கே கொண்டுசென்றாலும் பல படங்களில் கண்ணுக்கு இழப்புத் தெரியாது. சிறிய செந்நிற உதடு, தொலைவில் எரியும் போக்குவரத்து விளக்கு போன்ற சிறு நிறப்பகுதிகள் வெளிறுகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிச்ச ஸ்லைடரோ கத்தி போன்றது. படத்தின் நுணுக்கம் அனைத்தும் வெளிச்சத்தில்தான் உள்ளது. இதனை முழு அளவுக்கு உயர்த்தினால் மனித முகம் மெழுகுப் பொம்மையின் முகமாகிவிடும். பாதிக்குச் சற்று மேல் வைத்துத் தொடங்கி, போதும் என்று தோன்றும் இடத்திலிருந்து சிறிது பின்வாங்குவது நல்ல பழக்கம். மெல்லிய பொரி எஞ்சியிருக்கும் படமே இயற்கையாகத் தோன்றும்.

அளவைப் பொறுத்தவரை நுண்ணியது, நடுத்தரம், பெரியது என மூன்று பிரிவுகள் உண்டு. ஒரே ஒரு படப்புள்ளி அளவிலான பொரி நுண்ணியது. கைப்பேசிப் படங்களில் வானத்தில் தெரியும் திட்டுத்திட்டான கறை பெரியது. திட்டுகளைக் கண்டதும் எல்லா ஸ்லைடர்களையும் உயர்த்த வேண்டியதில்லை. பெரியதற்கு உரியதை மட்டும் உயர்த்தினால் போதும். கூர்மையாக்கும் ஸ்லைடர் ஒன்றும் இதே பலகையில் இருக்கும். அதனைச் சுழியில் வைத்துவிடுங்கள். ஒரு கையால் துடைத்துக்கொண்டே மறு கையால் தூவுவதில் பொருளில்லை.

முன்னோட்டத்தை எப்போதும் 100 விழுக்காடு அளவில் பாருங்கள். சுருக்கிக் காட்டும்போது அண்டைப் புள்ளிகள் கலந்து இரைச்சல் தானாகவே குறைந்து தோன்றும். அதனை நம்பி முடிவு செய்யக் கூடாது.

கார்த்திகை மீன்களின் கதி

இப்போது நம் கேள்விக்கு வருவோம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாலை வானில் கார்த்திகை விண்மீன் கூட்டத்தைக் காணலாம். சங்க நூல்கள் அறுமீன் என்று குறித்தது இதனையே. வெறுங்கண்ணுக்கு ஆறேழு விண்மீன்கள் தெரிந்தாலும், ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள இக்கூட்டத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. மூன்றுகால் தாங்கியில் கருவியை வைத்துச் சில விநாடிகள் திறந்து எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத பல மங்கிய விண்மீன்களும் படத்தில் விழும். ஒவ்வொன்றும் ஓரிரு படப்புள்ளி அளவே இருக்கும்.

இரைச்சலின் வடிவமும் அதுதானே! எது விண்மீன், எது பொரி?

எண்களைக் கொண்டு பார்ப்போம். வானப் பின்னணியின் வெளிச்ச எண் 20, இரைச்சலின் திட்ட விலக்கம் 12 என்க. ஒரு விண்மீன் ஒரே புள்ளியில் 110 என்று பதிவாகியுள்ளது. மிக எளிய துடைப்பு முறை, ஒவ்வொரு புள்ளிக்கும் பதிலாக அதனையும் சுற்றியுள்ள 8 புள்ளிகளையும் சேர்த்துச் சராசரி எடுத்து வைப்பது. 9 எண்களின் சராசரி என்பதால் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகி 4 ஆகும். நன்றுதான். விண்மீன் என்ன ஆயிற்று? எட்டு இருபதுகள் 160. அதனோடு 110 சேர்த்தால் 270. ஒன்பதால் வகுத்தால் 30. பின்னணியைவிட 90 உயர்ந்து ஒளிர்ந்த விண்மீன் இப்போது 10 மட்டுமே உயர்ந்து நிற்கிறது. இரைச்சல் மூன்றில் ஒரு பங்கானது. விண்மீனோ ஒன்பதில் ஒரு பங்காயிற்று. சராசரிக்குப் பதில் இடைநிலை அளவு எடுத்தால் இன்னும் மோசம். ஒன்பது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் 20-ஐ ஒட்டிய எண்தான் நிற்கும். விண்மீன் அடியோடு மறையும்.

நம் செருகுநிரல் இவ்வளவு முரட்டுத்தனமாக நடப்பதில்லை. அளந்து வைத்த இரைச்சலைவிடப் பல மடங்கு உயர்ந்து நிற்பதை அது தொடாமல் விடும். திட்ட விலக்கத்தின் 3 மடங்கு வரை நீக்கு என்று கட்டளை இருந்தால், பின்னணியைவிட 36 வரை உயர்ந்தவை போகும். 90 உயர்ந்த விண்மீன் தப்பிக்கும். ஆனால் 24 மட்டுமே உயர்ந்த மங்கிய விண்மீன்? போய்விடும். அதனைக் காப்பாற்ற எல்லையைத் தாழ்த்தினால் பொரியும் தங்கிவிடும். மூன்று மடங்கு எல்லையிலேயே, மணி வடிவ வளைகோட்டின்படி ஆயிரத்தில் 1.35 புள்ளிகள் தற்செயலாகவே அதனைத் தாண்டி உயரும். 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் உள்ள படத்தில் இவை சுமார் 16,000! இல்லாத விண்மீன்கள் பதினாறாயிரம். ஸ்லைடரை எங்கே வைத்தாலும் ஏதோ ஒன்றை இழந்தே ஆக வேண்டும். எதனை இழப்பது என்பதை நிரல் அறியாது.

இது வெறும் கற்பனை இடர் அன்று. 2017-ஆம் ஆண்டு வாக்கில் சோனி நிறுவனத்தின் சில கருவிகள் நீண்ட நேரம் திறந்து எடுக்கும் படங்களில், இரைச்சலைக் களைகிறோம் என்று கருவிக்குள்ளேயே மங்கிய விண்மீன்களையும் களைந்துவிடுவதை வானியல் படமெடுப்போர் கண்டறிந்தனர். 'விண்மீன் தின்னி' என்று அதற்குப் பட்டப்பெயரும் சூட்டினர்.

விண்மீனுக்கு மட்டுமல்ல, நம் எழுத்துக்கும் இந்த இடர் உண்டு. நூலகத்தின் மங்கிய வெளிச்சத்தில் பழைய செய்தித்தாளின் பொடி எழுத்தைப் படமெடுத்துத் துடைத்துப் பாருங்கள். எழுத்தின் தலையில் உள்ள புள்ளி சில படப்புள்ளிகள் அளவே இருக்கும். அது போய்விட்டால் 'கண்' என்பது 'கண' ஆகும். 'பால்' என்பது 'பால' ஆகும். தாளில் இருக்கும் அழுக்குத் துகள் ஒன்று எஞ்சிவிட்டாலோ இல்லாத புள்ளி முளைக்கும்.

போனது என்ன என்று பார்க்கும் வழி

நீக்கப்பட்டதையே தனியாகக் காண எளிய வழி ஒன்று உண்டு. மூல அடுக்கைக் கீழே வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான். துடைத்த அடுக்கின் கலப்பு முறையை 'டிஃபரன்ஸ்' என்று மாற்றுங்கள். இரண்டு அடுக்குகளுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் திரையில் தெரியும். அது பெரும்பாலும் கருமையாக இருக்கும். 'லெவல்ஸ்' கட்டளையால் வெளிச்சத்தைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

துடைப்பு சரியாக நடந்திருந்தால் அங்கே உருவமற்ற பொரி மட்டுமே தெரிய வேண்டும். முகத்தின் விளிம்பு, கூந்தலின் இழைகள், எழுத்துகளின் கோடுகள், கார்த்திகை மீன்களின் வரிசை என்று ஏதேனும் உருவம் தெரிந்தால், அந்த அளவு படத்தையே குப்பையில் போட்டுவிட்டோம் என்று பொருள். பலகைக்குத் திரும்பி வெளிச்ச ஸ்லைடரைத் தாழ்த்துங்கள். முன்னோட்டத்தைக் கண் கொட்டாமல் அரை மணி நேரம் பார்ப்பதைவிட இந்த ஒரு சோதனை பயனுள்ளது.

பொரியையும் விண்மீனையும் ஐயமின்றிப் பிரிக்க வேண்டுமானால் ஒரு படம் போதாது. அதே இடத்தை 16 முறை எடுங்கள். விண்மீன் ஒவ்வொரு படத்திலும் தன் தோழர்களுக்கு நடுவே அதே இடத்தில் இருக்கும். பொரி ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும். புவி சுழல்வதால் வானம் சற்று நகர்ந்திருக்கும். எனவே விண்மீன்களை ஒன்றன் மேல் ஒன்று பொருத்திவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். 16-இன் வர்க்கமூலம் 4. இரைச்சல் 12-இலிருந்து 3 ஆகிவிடும். 24 உயர்ந்து நின்ற நம் மங்கிய விண்மீனோ குறையாமல் அப்படியே நிற்கும். முன்பு அது இரைச்சலைப் போல 2 மடங்கு. இப்போது 8 மடங்கு. எந்த ஸ்லைடரும் தராத பலன் இது. காரணம் வெளிப்படை: 16 மடங்கு ஒளித்துகள்களைச் சேகரித்திருக்கிறோம். கருவியில் பழுதுபட்டு எப்போதும் ஒளிரும் கட்டங்கள் சில இருக்கக்கூடும். அவை வானத்தோடு நகராமல் ஒரே கட்டத்தில் நிற்பதால் அவற்றையும் இனங்கண்டுகொள்ளலாம்.

அண்மை ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு துடைக்கும் நிரல்கள் வந்துள்ளன. அடோபி நிறுவனம் 2023-இல் லைட்ரூம் நிரலில் அத்தகைய வசதியைச் சேர்த்தது. எண்ணற்ற படங்களைப் பார்த்துப் பழகிய நிரல், இரைச்சலுக்கு அடியில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகின்றது. பறவையின் இறகையும் பூனையின் மயிரையும் அது காட்டும் அழகு வியக்கத்தக்கது. திருமணப் படத்திற்கும் சுற்றுலாப் படத்திற்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். விண்மீனை எண்ணவோ, செல்களை எண்ணவோ, எழுத்தைப் படிக்கவோ எடுத்த படத்திற்குக் கூடாது. ஊகித்து வரைந்த இறகு எங்கே முடிகிறது, ஒளி பதித்த இறகு எங்கே தொடங்குகிறது என்று அதனிடம் கேட்டறிய முடியாது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சி: பொடி எழுத்துள்ள தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, மாலை மங்கலில் கைப்பேசியை அசையாமல் நிறுத்தி 4 படங்கள் எடுங்கள். முதல் படத்தைச் செருகுநிரலால் துடையுங்கள். பிறகு துடைக்காத 4 படங்களையும் அடுக்கி, அடியிலிருந்து மேலாக ஒளிபுகாமை 100, 50, 33, 25 விழுக்காடு என்று வைத்தால் நான்கின் சராசரி கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை மெய்யெழுத்துகளின் புள்ளிகள் எதில் தப்பின என்று எண்ணுங்கள். ஒளிபுகாமை ஏன் 25, 25, 25, 25 என்று இருக்கக் கூடாது?